பிசுபிசுக்கும் அரக்கர்கள்

ஏப்ரலில் பள்ளி மூடும்போது ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வெள்ளை ரப்பரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தால், ஜூனில் திறக்கும்போது இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். பிய்த்தெடுத்தால் ரப்பரின் அச்சு ஸ்கேலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் மங்கி, சென்டிமீட்டர் கோடுகள் அழிந்திருக்கும். வெயிலில் உருகிவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். ஸ்கேல் உருகும் அளவுக்கு அந்தப் பெட்டி சூடாவதில்லை. அப்படியே சூடாகியிருந்தாலும் ஸ்கேல் முழுவதும் வளைந்திருக்க வேண்டும். ரப்பர் தொட்ட இடம் மட்டும் குழிந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது. ரப்பரிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி ஸ்கேலுக்குள் போயிருக்கிறது. அது என்னவென்று தெரிந்துகொண்டால், பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சேகரிப்பவர்களை வாட்டும் ஒரு கேள்விக்கும் விடை கிடைக்கும். 30, 40 ஆண்டுகளாக யாரும் தொடாமல் பெட்டிக்குள் இருந்த அரக்கனையும் வீரனையும் ஒருநாள் கையில் எடுத்தால் ஏன் பிசுபிசுக்கிறது?

இந்த இரண்டுக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை அல்ல. ஜப்பானில் 1983 முதல் பண்டாய் நிறுவனம் 'கின்னிக்குமான்' என்ற சித்திரக்கதையின் மல்யுத்த வீரர்களையும் விசித்திர உருவங்களையும் விரல் நீளப் பொம்மைகளாக விற்றது. அவற்றுக்கு வழங்கிய 'கின்கேஷி' என்ற பெயரில் உள்ள 'கேஷி' அழிரப்பரைக் குறிக்கும். 1985-ல் மேட்டல் நிறுவனம் அதே உருவங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. பென்சில் கோட்டை அழிக்கும் வினைல் ரப்பரும் அலமாரியில் நிற்கும் அரக்கனும் வேதியியல் கணக்கில் ஒரே குடும்பம். இரண்டின் மென்மைக்கும் காரணம் ஒரே வகை எண்ணெய். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொண்டதல்ல என்பதிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. பிரிக்காத பெட்டி, தொடாத பொம்மை, அதனால் மாறாத பொம்மை என்று சேகரிப்பு உலகம் போடும் கணக்கு இங்கேதான் தவறிப்போகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் பொம்மை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு வேகமாக என்பது, அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மலிவான பொம்மைகள் மாறினால் என்ன நஷ்டம் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு ஓர் உதாரணம் போதும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் என்பவர் 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். கற்பனைப் பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் அது. மேசையில் நிறுத்த அரக்கர்கள் வேண்டியிருந்தபோது, சில்லறைக் கடையில் கிடைத்த ஹாங்காங் தயாரிப்புப் பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றை அவர் வாங்கினார். வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்ற பெயரில் விற்றாலும், உள்ளே இருந்தவை எந்த விலங்கைப் போலவும் இல்லை. ஒன்றுக்கு வாலின் நுனியில் விமான விசிறி போன்ற உறுப்பு. அதற்கு இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி என்று கைகாக்ஸ் ஒரு குணத்தைக் கொடுத்தார். 1975-ல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில் அது 'ரஸ்ட் மான்ஸ்டர்' ஆனது. பாதி ஆந்தையும் பாதி கரடியுமான 'அவுல்பேர்' பிறந்ததும் அப்படித்தான். இன்னொரு உருவத்தை டிம் காஸ்க் என்பவர் எடுத்து, நிலத்துக்கடியில் நீந்திப் பாயும் 'புலெட்' என்ற பிராணியாக்கி, 1976 ஜூனில் 'தி டிராகன்' இதழின் முதல் வெளியீட்டில் எழுதினார். இந்தப் பொம்மைகளில் சில 1966-ன் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர் 'அல்ட்ராமேன்' அரக்கர்களின் சாயல் கொண்டவை என்று சேகரிப்பாளர்கள் அருகருகே வைத்துக் காட்டுகிறார்கள். டோக்கியோவின் படப்பிடிப்புத் தளத்தில் பிறந்த உருவம் ஹாங்காங் அச்சுக்குள் உருமாறி, அமெரிக்கச் சிற்றூர்க் கடையில் பெயரிழந்து, மேசை விளையாட்டில் புதுப்பெயர் பெற்ற பாதை இது. வரைபடம், ஒப்பந்தம், வடிவமைத்தவர் பெயர் என்று எதுவும் பொட்டலத்தோடு வரவில்லை. இந்தப் பாதைக்கு ஆவணம் அந்தப் பொம்மைதான். அது உருக்குலைந்தால், அச்சின் தழும்பும் வர்ணத்தின் அடுக்கும் சேர்ந்தே போய்விடும்.

இனி அந்தப் பொருளுக்கு வருவோம். மென்மையான பொம்மைகளில் மிகப் பெரும்பாலானவை பாலிவினைல் குளோரைடு, அதாவது பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் இதே பிவிசிதான். வினைல் குளோரைடு என்னும் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன; இப்படிப்பட்ட சங்கிலிப் பொருளைப் பல்லுறுப்பி என்கிறோம். சங்கிலியில் உள்ள குளோரின் அணுக்கள் எலக்ட்ரானைத் தம் பக்கம் இழுப்பதால், பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று ஈர்த்து இறுகிக்கொள்கின்றன. அதனால் கலப்பில்லாத பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை விறைப்பாகவே இருக்கும். அதற்கு மேல்தான் இளகும். ஒவ்வொரு பல்லுறுப்பிக்கும் இப்படி ஓர் இளகுநிலை உண்டு. குழாய்க்கு அது நல்லது. பிழிந்து பார்க்க வேண்டிய பொம்மைக்கு உதவாது. இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறிய இடியாப்பம் இழையோடு இழை ஒட்டிக் கட்டியாகிவிடும். இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தெளித்து உதிர்த்தால் இழைகள் வழுக்கி விலகும். இழை மாறவில்லை, இழைகளுக்கு நடுவே எண்ணெய் புகுந்திருக்கிறது. பிவிசிக்கும் 1926-ல் இதையே செய்தார் வால்டோ செமோன். அமெரிக்காவில் பி. எஃப். குட்ரிச் நிறுவனத்தில் ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை தேடிக்கொண்டிருந்தவர், கொதிநிலை அதிகமுள்ள திரவம் ஒன்றில் பிவிசியைச் சூடாக்க, வளைந்து துள்ளும் பொருள் கிடைத்தது. சங்கிலிகளுக்கு நடுவே புகும் இந்தத் திரவத்தைத் தொழிலில் பிளாஸ்டிசைசர் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் இளக்கி என்று சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் பொம்மைகளுக்கு அதிகம் சேர்க்கப்பட்டவை தாலேட் வகை இளக்கிகள். மென்மையான ஒரு பொம்மையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட இளக்கியாக இருக்கலாம். அவ்வளவு சேர்த்தால் இளகுநிலை 80 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

ஜப்பானியர்கள் 'சோஃபுபி' என்று அழைக்கும் மென்வினைல் அரக்கர்களின் தயாரிப்பில் இளக்கியின் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். மருசான் நிறுவனம் 1966-ல் காட்ஸில்லாவை இந்த முறையில்தான் வார்த்தது. பிவிசித் தூளை இளக்கியில் கலக்கினால் கெட்டியான திரவம் கிடைக்கும். அதை உலோக அச்சின் விளிம்பு வரை ஊற்றி, அச்சைச் சுடுஎண்ணெயில் இறக்குவார்கள். உலோகச் சுவரைத் தொடும் படலம் முதலில் இறுகும். நடுவில் இருப்பது திரவமாகவே நிற்கும். அச்சைக் கவிழ்த்து அந்தத் திரவத்தை வெளியே கொட்டிவிட்டு, சுவரில் தங்கிய தோலை மறுபடி சூடாக்குவார்கள். பிறகு அச்சைத் தண்ணீரில் சிறிது ஆற்றி, குறுகிய வாய்வழியே இடுக்கியால் பிடித்து ஒரே இழுப்பில் உருவுவார்கள். முதுகு முள்ளும் புடைத்த வயிறும் கொண்ட முண்டம் அந்தச் சிறு வாய்க்குள் மடங்கிச் சுருங்கி வெளியே வந்து, மறுகணமே தன் வடிவத்துக்குத் திரும்பும். விறைத்த பிவிசியில் இது நடக்காது.

எண்ணெய் புகுந்தது போலவே வெளியேறவும் முடியும். இளக்கி மூலக்கூறுகள் சங்கிலியோடு வேதிப்பிணைப்பு கொண்டவை அல்ல. ஈர்ப்பால் அங்கே தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அறை வெப்பத்தில் எல்லா மூலக்கூறுகளும் அசைந்துகொண்டிருப்பதால், அவை சங்கிலிகளின் இடைவெளி வழியே மெல்ல நகர்ந்து மேற்பரப்புக்கு வருகின்றன. அங்கே அவற்றுக்கு மூன்று வழிகள். காற்றில் ஆவியாகலாம். தொட்டுக்கொண்டிருக்கும் வேறொரு பொருளுக்குள் புகலாம். இரண்டும் முடியாவிட்டால் படலமாக அங்கேயே தேங்கலாம். தாலேட்டுகளின் கொதிநிலை மிக அதிகம் என்பதால் ஆவியாதல் மிக மெதுவாக நடக்கும். தேங்கிய படலமே நம் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு. ஸ்கேலில் நடந்தது இரண்டாவது வழி. ரப்பரின் இளக்கி ஸ்கேலின் பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து அதன் சங்கிலிகளையும் விலக்கிவிட்டது. ஸ்கேல் உருகவில்லை, அந்த இடத்தில் மட்டும் அதன் இளகுநிலை இறங்கிவிட்டது. ரப்பரைச் சுற்றியுள்ள காகித உறை இந்தத் தொடுதலைத் தடுக்கிறது. 1982-ல் வந்த ஹீ-மேன் போன்ற பொம்மைகளில் தலை மென்வினைல், மார்பு கெட்டிப் பிளாஸ்டிக். இப்படி இரண்டு வகை ஒட்டியிருக்கும் இடங்களையும், ஒரே பெட்டியில் குவிக்கப்பட்ட உதிரி ஆயுதங்களையும் சேகரிப்பாளர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

வெளியே வருவது இளக்கிதான் என்று எப்படித் தெரியும்? கை வியர்வை, பழைய அழுக்கு, வர்ணம் இளகியது என்று எதுவாகவும் இருக்கலாமே. அகச்சிவப்பு ஒளி இதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு வகை வேதிப்பிணைப்பும் அகச்சிவப்பின் குறிப்பிட்ட அலைநீளங்களை விழுங்கும். பொம்மையின் மேலுள்ள துளியைத் துடைத்தெடுத்து எந்த அலைநீளங்கள் காணாமல் போகின்றன என்று பார்த்தால், அது தாலேட்டா, தோலின் கொழுப்பா, சோப்பா என்று பிரித்துவிடலாம். இரண்டாவது சான்று தராசு. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் யுவோன் ஷஷூவா, இளக்கி கலந்த பிவிசித் துண்டுகளைச் சூட்டில் வைத்து முதுமையை விரைவுபடுத்தி, எடை எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மூடிய கண்ணாடிக் கலனில் இருந்தவை குறைவாக இழந்தன. உறிஞ்சும் கரியோடு வைத்தவை அதிகம் இழந்தன. செயற்கையாகச் சூடாக்கிய துண்டை வைத்து அறை வெப்பத்தில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேசலாமா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு இயல்பாக மூப்படைந்த சாட்சி வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள அப்போலோ விண்வெளி உடைகள் அந்தச் சாட்சி. அவற்றில் உள்ள பிவிசிக் குழாய்களிலிருந்து இளக்கி கசிந்து, குழாய்கள் ஒட்டும் படலத்தோடும் பழுப்புக் கறையோடும் இருப்பதைப் பாதுகாப்பாளர்கள் கண்டார்கள். அந்த உடைகளை எந்தக் குழந்தையும் கையில் எடுத்து விளையாடவில்லை. மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொள்ளப்பட்டவையே கசியும்போது, பொம்மையின் பிசுபிசுப்புக்கு விளையாடியவர் கைமேல் பழிபோட முடியாது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சிதைவும் நடக்கிறது. பிவிசியின் எடையில் 57 விழுக்காடு குளோரின். வெப்பமும் ஒளியும் பட்டால் சங்கிலியில் ஓரிடத்தில் ஒரு குளோரினும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். ஈரத்தில் இது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெளியேறிய இடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகி, அடுத்த இடத்தைத் தளர்த்தும். வெளியேறிய அமிலமும் அந்த வேலையை முடுக்கும். ஏழெட்டு இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசையாகச் சேர்ந்ததும் அந்த வரிசை நீல ஒளியை விழுங்கத் தொடங்கும். வெள்ளைப் பொம்மை மஞ்சளாகத் தெரிவது அப்போதுதான். வரிசை நீள நீளப் பழுப்பாகும். இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே ஈயம், பேரியம், காட்மியம், வெள்ளீயம் போன்றவற்றின் சேர்மங்களை நிலைப்படுத்திகளாகச் சேர்த்தார்கள். அவை தீரும்வரை நிறம் தாங்கும். நிறமாற்றம் எல்லாமே இந்தச் சிதைவால் வருவதல்ல: 1959-ல் வந்த பார்பி பொம்மைகளில் பழையவற்றின் காதோரம் பச்சையாவதற்கு, காதணியின் செம்பு அரித்து வினைலுக்குள் இறங்குவது காரணம். ஷஷூவாவின் ஆய்வில் கவனிக்க வேண்டிய முடிவு, இந்த இரண்டாவது சிதைவை இளக்கியே தாமதப்படுத்துகிறது என்பது. இளக்கி போனால் பொம்மை விறைப்பதோடு நிற்பதில்லை, சங்கிலியும் வேகமாகச் சிதையும்.

சேகரிப்பாளரின் தீர்ப்பை இதை வைத்துப் பார்க்க வேண்டும். சந்தையில் ஒட்டும் பொம்மைக்கு விலை குறைவு, உலர்ந்து மொரமொரப்பாக இருப்பதற்கு விலை அதிகம். ஆனால் மூடிய பெட்டியில் இருந்து ஒட்டும் பொம்மை, வெளியேறிய இளக்கியின் பெரும்பகுதியை இன்னும் தன் மேலேயே வைத்திருக்கலாம். திறந்த அலமாரியில் இருந்து உலர்ந்தது, அதே இளக்கியை ஆண்டுக்கணக்கில் காற்றுக்கும் தூசிக்கும் கொடுத்து முடித்திருக்கலாம். அப்படியானால் உலர்ந்ததுதான் அதிகம் இழந்தது. அடுத்து அது சுருங்கும், மூட்டில் வெடிக்கும். கண்ணும் விரலும் சொல்வதற்கு நேர்மாறான உண்மை இது. பிசுபிசுப்பைப் போக்க டால்கம் பவுடர் தூவுவது, துணியில் சுற்றுவது, டிஷ்யூ காகிதத்தில் பொதிவது எல்லாமே படலத்தை உறிஞ்சி, உள்ளிருந்து மேலும் இளக்கி வர வழி செய்கின்றன. பாலித்தீன் பையும் இளக்கியை உள்வாங்கும், அட்டையும் உறிஞ்சும். தின்னர், ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் மேற்படலத்தோடு உள்ளே இருப்பதையும் இழுத்துவிடும். தூசி படிந்து உருவமே தெரியவில்லை என்றால், வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். அதற்கு மேல் அடிக்கடி துடைப்பது பொம்மையைத் தவணை முறையில் கரைப்பதற்குச் சமம்.

பிவிசிப் பொம்மையை மூடி வைப்பதே மேல் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய பொருளுக்குக் காற்றோட்டம் வேண்டும், மூடி வைத்தால் அமிலம் தேங்கிக் கெடும் என்பது அருங்காட்சியகங்களின் நெடுநாள் அனுபவம். அந்த அனுபவம் பொய்யல்ல. அது செல்லுலாய்டு காலத்து அனுபவம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய செல்லுலாய்டுப் பொம்மைகள் சிதையும்போது வெளியிடும் அமில வாயுவை அகற்றியே ஆக வேண்டும். மென்பிவிசியில் முதல் நஷ்டம் இளக்கி என்பதால், அதற்குக் காற்றோட்டமே பகை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் ஒன்றுக்குச் செய்யும் நன்மை மற்றதற்குத் தீங்காகும். அதனால் பொருளை அடையாளம் காண்பதுதான் முதல் வேலை. உள்ளே வெற்றிடம் இல்லாத பொம்மையைத் தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீன் மிதக்கும், பிவிசி மூழ்கும். அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனப் பொம்மைகள் போன்ற பாலிஎத்திலீன் உருவங்களுக்கு இளக்கியே தேவையில்லை. அவை பிசுபிசுக்காது, ஆக்சிஜனால் முறுகி ஒடியும். மூழ்குவதெல்லாம் பிவிசி என்று சொல்ல முடியாது. அருங்காட்சியகங்கள் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கின்றன. அதே சோதனையில் ஈயமும் காட்மியமும் தெரிந்துவிடும்.

இன்னொரு மறுப்பு, நாள்தோறும் கேட்பது: பிளாஸ்டிக் மக்காது, பல தலைமுறை தாண்டிக் கிடக்கும் என்கிறார்களே, பிறகு பொம்மை எப்படி 40 ஆண்டில் கெடும்? இங்கே இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலக்கிறோம். மக்குவது என்றால் நுண்ணுயிர்கள் சங்கிலியைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிப்பது. பிவிசிக்கு அது நடப்பதே அரிது. பொம்மையாக இருப்பதற்கோ சங்கிலி இருந்தால் போதாது. சரியான அளவு இளக்கி, தீராத நிலைப்படுத்தி, வெடிக்காத மேற்பரப்பு எல்லாம் ஒருசேர வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலே அரக்கனின் வால் ஒடியும். ஒடிந்த துண்டு குப்பையில் இன்னும் நெடுங்காலம் கிடக்கும். அதே இளக்கியின் நடமாட்டம்தான் சட்டத்தையும் மாற்றியது. வாயில் வைத்துச் சப்பும் குழந்தைக்குள் தாலேட் போகிறது என்ற கவலையில் ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் தற்காலிகத் தடையும், 2005-ல் நிரந்தரக் கட்டுப்பாடும் கொண்டுவந்தது. குறிப்பிட்ட சில தாலேட்டுகள் பொம்மைப் பொருளின் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்கா 2008-ல் பின்தொடர்ந்தது. அதற்கு முந்தைய பொம்மைகள் சேகரிப்பாளரின் கைக்கு உரியவை. கைக்குழந்தையின் வாய்க்கு உரியவை அல்ல. கையாண்ட பின் கைகழுவுவதும் நல்லது.

எனவே பொம்மை பிவிசி என்று உறுதியானால், உறிஞ்சாத கண்ணாடிக் கலனிலோ பாலியெஸ்டர் உறையிலோ, ஒன்றையொன்று தொடாமல், இருட்டில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பதுதான் வேதியியல் சொல்லும் வழி. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண் நம் ஊர் மே மாதத்தில் இதற்கு ஆகாத இடம். வெப்பம் ஏற ஏற இளக்கியின் நகர்வும் அமிலச் சிதைவும் சேர்ந்தே வேகம் பிடிக்கும். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டு சிதைவைக் குறைக்கும், ஆனால் இளகுநிலைக்குக் கீழே போன பொம்மையை அசைத்தால் வெடிக்கும். அருங்காட்சியகக் கவனம் இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பது மேல். போன இளக்கியைத் திரும்ப ஊட்டி முன்போல் ஆக்கவும் முடியாது. மேலே தடவும் எண்ணெய் சங்கிலிகளுக்கு நடுவே சீராகப் பரவாது. செய்யக்கூடியது இழப்பை அளப்பது. 0.01 கிராம் வரை காட்டும் சிறு எலக்ட்ரானிக் தராசு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. 40 கிராம் அரக்கன் நூற்றில் ஒரு பங்கை இழந்தால் 0.4 கிராம் குறையும்; கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றம் தராசில் 40 புள்ளிகள். தூசியை ஊதிவிட்டு, உறையில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பருவத்தில் எடைபோட்டு, எங்கே எப்படி வைத்திருந்தது என்ற குறிப்போடு எழுதி வர வேண்டும். சேகரிப்பாளர்கள் அந்த எண்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால், 1966-ன் காட்ஸில்லாவும் 1980-களின் கின்கேஷியும் எந்தச் சூழலில் எந்த வேகத்தில் இளக்கியை இழக்கின்றன என்பதற்குத் தனியோர் அருங்காட்சியகம் திரட்ட முடியாத அளவுக்குத் தரவு சேரும்.